பானை ஓட்டுக்கு எந்தப் பெயர்?

கேள்வி: கடலூர் வட்டாரத்தில் மாணவர்கள் கண்டெடுத்த பானை ஓடுகளையும் பழைய வீடுகளையும் பட்டியலிடுகிறோம். ஒரே ஓட்டை ஒருவர் 'ரோமானியப் பானை' என்றும் இன்னொருவர் 'கலயம்' என்றும் எழுதுகிறார். எது சரி?

பதில்: இரண்டும் வேண்டாம். கையில் இருப்பது ஓடுதான் என்பதால், பட்டியலின் பொருட்பெயர்ப் பத்தியில் (நெடுவரிசையில்) 'பானை ஓடு' என்று எழுதி, வாய்விளிம்பா, அடிப்பகுதியா என்பதை அடுத்த பத்தியில் குறியுங்கள். செய்பொருள், நிறம், அலங்காரம், காலம், கிடைத்த இடம் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பத்திகள் வேண்டும். ஒரே பெயருக்குள் இவற்றையெல்லாம் திணிப்பதால்தான் குழப்பம் வருகிறது.

இதற்குப் பாடம் உங்கள் பக்கத்திலேயே, புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் இருக்கிறது. 1945இல் அங்கு அகழாய்வு செய்த பிரித்தானியத் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர், உட்புறத்தில் நுண்ணிய புள்ளி வளையங்கள் கொண்ட ரூலெட்டட் வகைத் தட்டுகளை மத்தியதரைக் கடற்பகுதியோடு தொடர்புபடுத்தினார். ஆனால் பின்னர் களிமண்ணைப் பகுத்தாய்ந்தவர்கள் அவை இந்தியாவிலேயே வனையப்பட்டவை என்று காட்டினார்கள். 'ரூலெட்டட்' என்ற பெயர் அந்தப் புள்ளி அலங்காரத்தை மட்டும் சுட்டியதால் மாற்றாமல் நிலைத்தது. 'ரோமானியத் தட்டு' என்று எழுதியிருந்தால் பட்டியல்கள் அனைத்தையும் திருத்த வேண்டியிருக்கும். அதே மேட்டில் கிடைத்த ஆம்போரா மதுச்சாடிகளும் அரிட்டைன் எனும் இத்தாலியச் செந்நிற மெருகுப் பாண்டங்களும் மெய்யாகவே கடல் கடந்து வந்தவை என்றாலும், அதையும் 'தோற்ற இடம்' என்ற பத்தியில் எழுதுவதே முறை.

ஒரு பொருளுக்கு ஒரு தலைச்சொல்லைத் தேர்ந்து, 'தாழி', 'முதுமக்கள் தாழி', 'ஈமத்தாழி' போன்ற வழக்குகளை அதன்கீழ் மாற்றுப்பெயர்களாகச் சேர்த்தால், எந்தப் பெயரில் தேடினாலும் பதிவு கிடைக்கும். கெட்டி நிறுவனத்தின் கலை, கட்டடக்கலைச் சொற்களஞ்சியமும் இதே முறையில், பொதுச்சொல்லின்கீழ்ச் சிறப்புச்சொல்லாக அடுக்கப்பட்டதே. என் கருத்தில், 'தாழி'யைத் தலைச்சொல்லாகக் கொள்வது நல்லது. மற்ற இரு பெயர்களும் புதைப்பைச் சுட்டுகின்றன; ஆனால் புதைப்புக்குரியதா என்பது கிடைத்த சூழலைப் பார்த்துச் சொல்ல வேண்டிய முடிவு.

வீடுகளுக்கும் இதுவே வழி. புதுச்சேரியில் 'பிரெஞ்சு வீடு' என்பது பாணியைச் சொல்கிறதே தவிர, கட்டட வகையைச் சொல்வதில்லை. வகை 'குடியிருப்பு', பாணி தனி, இன்றைய பயன்பாடு 'விடுதி' என்றால் அதுவும் தனி. திண்ணை, முற்றம், மெட்ராஸ் டெர்ரஸ் கூரை (மர உத்தரங்கள்மேல் செங்கலும் சுண்ணாம்பும் இட்ட தட்டைக்கூரை) ஆகியவை உறுப்புகள். கோயிலென்றால், அடியிலிருந்து உச்சிவரை உள்ள உறுப்புகளுக்கு அதிட்டானம், பாதம், பிரஸ்தரம், கிரீவம், சிகரம், ஸ்தூபி என்ற சிற்பநூல் வழக்கு ஏற்கெனவே கையில் இருக்கிறது. புதிதாகச் சொல் படைக்க வேண்டியதில்லை.

மாணவர்கள் எங்கும் தோண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேற்பரப்பில் கிடைத்ததானாலும் இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.