பழைய 9.9 ஹெச்பி ஜான்சன் அவுட்போர்டு எஞ்சினில் கூடுதல் பவர் எடுக்க முடியுமா?

எடுக்கலாம். ஆனால் அதற்கு முன்னால், அது தரவேண்டிய 9.9 முழுசாக வருகிறதா என்று பாருங்கள். எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் என் சித்தப்பாவிடம் இதே எஞ்சின்தான். "வயசாயிடுச்சுப்பா, இனிமே இவ்ளோதான் இழுக்கும்" என்று ஒரு வருஷம் போல சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் பிளக் வயர்களைக் கழற்றிவிட்டு, புரொப்பல்லரைக் கையால் சுற்றி, கியரை முன்பக்கம் போட்டோம். நியூட்ரலில் திராட்டில் முழுக்கத் திரும்பாது, அதனால்தான். அவர் கைப்பிடியைக் கடைசிவரை முறுக்க, நான் கார்புரேட்டர் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே இருக்கும் வட்டத் தகடு, காற்று போகும் திசைக்கு இணையாக நிற்கவேண்டும். முக்கால்தான் திறந்து, சாய்ந்து நின்றது. அதைத் தள்ளும் சின்ன ரோலர் தேய்ந்துபோயிருந்தது. ரோலரை மாற்றி, லிங்க்கைச் சரிசெய்ததும் காணாமல்போன இழுவை திரும்பி வந்தது. காசு என்று பெரிதாக ஒன்றும் ஆகவில்லை.

அப்புறம் கம்ப்ரஷன் பாருங்கள், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம். இரண்டு சிலிண்டருக்கும் நடுவே வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டினால் ரிங்கோ கேஸ்கெட்டோ போயிருக்கிறது. அந்த நிலையில் பவர் கூட்டுவது எஞ்சினைக் கொல்வதற்குச் சமம். எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கும் பம்பின் ரப்பர் சக்கரம், அதுதான் இம்பெல்லர், அதையும் புதுசாகப் போட்டுவிடுங்கள். நம் முகத்துவாரத்துச் சேறும் சாம்பலும் அதை எப்படித் தின்னும் என்று உங்களுக்கே தெரியும்.

இதெல்லாம் சரியாக இருந்தால், உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. ஜான்சன், எவின்ரூட் இரண்டிலுமே 1974 முதல் 1992 வரை வந்த இரண்டு சிலிண்டர் 9.9 எஞ்சினும் 15 எஞ்சினும் ஒரே பிளாக்தான், 216 சிசி. பெரிய வித்தியாசம் கார்புரேட்டரில்தான்; 15-இல் காற்று போகும் துவாரம் பெரிசு. காசிமேட்டில் பழைய சாமான் வாங்கி விற்பவர்களிடம் சொல்லிவையுங்கள். கிடைத்தால் 15-இன் கார்புரேட்டரை முழுசாகவே வாங்குங்கள். 9.9-இன் துவாரத்தை லேத்தில் கொடுத்துப் பெரிசாக்கினால் பெட்ரோல் அளவு ஒத்துவராது.

சிலிண்டரின் மூடியான ஹெட்டை மட்டும் தயவுசெய்து சீவாதீர்கள். கம்ப்ரஷன் கூடும், உண்மைதான். ஆனால் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டுகிற எஞ்சினில் அது நாக்கிங்கில், அதாவது எரிபொருள் தாறுமாறாக வெடிப்பதில், கொண்டுபோய் விடும். எங்கள் குப்பத்தில் ஒருவர் அப்படிச் சீவி ஓட்டினார். கழற்றியபோது மேல் பிஸ்டனின் தலையில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை.

இங்கே பலர் தவறவிடுவது புரொப்பல்லர். 9.9 தன் முழு பவரை நிமிஷத்துக்குச் சுமார் 5,000 சுற்றில் தரும், 15 சுமார் 6,000-இல்தான் தரும். வலை, ஐஸ், நாலு ஆள் ஏறிய ஃபைபர் போட்டில் பழைய புரொப்பல்லரோடு அந்தச் சுற்றை எட்டவே எட்டாது. கார்புரேட்டர் மாற்றியும் "ஒண்ணும் தெரியலையே" என்பவர்கள் பெரும்பாலும் இதில்தான் மாட்டியிருப்பார்கள். புரொப்பல்லரின் பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு அது முன்னேறும் கணக்கு, ஒரு அங்குலம் குறைந்தால் ஏறக்குறைய 200 சுற்று கூடும். சித்தப்பா ஒரு அங்குலம் குறைத்துப் போட்டார். பாரத்தோடு அலையைத் தாண்டும்போது எஞ்சின் முக்குவது நின்றுவிட்டது.

எல்லாம் மாட்டிய பிறகு காலிப் போட்டில் சோதிக்காதீர்கள். வழக்கமான பாரத்தோடு முழு வேகத்தில் சில நிமிஷம் ஓட்டி, அப்படியே நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காபிப் பொடி நிறம் என்றால் சரி. வெளுத்துப்போயிருந்தால் பெட்ரோல் போதவில்லை. கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டைச் சரிபார்க்காமல் கடலுக்கு எடுத்துப் போகாதீர்கள்.