இலங்கை ரூபாய்க்கு ₹ குறி போடலாமா? பில்லிலும் கொட்டேஷனிலும் நாணயக் குறிகளை எப்படி அடிப்பது?

தயவுசெய்து போடாதீர்கள். ₹ இந்திய ரூபாய்க்கு மட்டுமே உரிய குறி. 2010 ஜூலையில் இந்திய அரசு அதை ஏற்றுக்கொண்டது, அதே வருட அக்டோபரில் யுனிகோட் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் தனித்தனி எண் கொடுக்கும் பொதுத் தரம்) 6.0 பதிப்பில் இடம் பிடித்தது. வரைந்தவர் உதயகுமார் என்ற தமிழர் என்பதில் எனக்கும் பெருமைதான். ஆனால் புறக்கோட்டைக் கடையொன்றின் கொட்டேஷனில் ₹45,000 என்று இருந்தால், அதை வாசிக்கும் சென்னை வியாபாரி இந்தியக் காசு என்றுதான் எடுப்பார். 2022க்குப் பிறகு இரண்டுக்கும் இடையில் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது. ஒரு குறியால் இவ்வளவு பெரிய தொகை மாறிப்போகலாம்.

நம்முடைய ரூபாய்க்கென்று யுனிகோடில் தனிக் குறி கிடையாது. தமிழில் 'ரூ.' என்று எழுதுகிறோம், சிங்களத்தில் 'ரு' என்ற எழுத்தைப் போடுகிறார்கள். அது போதும். வெளிநாட்டுக்குப் போகிற பத்திரமென்றால் எல்கேஆர் என்ற மூன்றெழுத்துச் சர்வதேசக் குறியீட்டை ஆங்கிலத்தில் தொகைக்கு முன்னால் போடுங்கள். ₨ என்று ஒரே எழுத்தாக இன்னொன்று இருப்பதைச் சிலர் இலங்கைக்குரியது என்று நினைக்கிறார்கள். அது பாகிஸ்தான், நேபாளம், மொரீஷியஸ் என்று ரூபாய் புழங்கும் எந்த நாட்டுக்கும் பொதுவானது. போட்டால் பிழையில்லை, ஆனால் எந்த நாட்டு ரூபாய் என்பதை அது சொல்லாது.

வெள்ளவத்தையில் அச்சு வேலை செய்கிறேன். பில் புத்தகம், விலைப்பட்டியல் என்று வருகிற ஃபைல்களில் ₹ இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். கேட்டால், "நான் அடிக்கவே இல்லை, தானாக வந்தது" என்கிறார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். விண்டோஸில் தமிழைச் சேர்க்கும்போது பட்டியலில் 'தமிழ் (இந்தியா)', 'தமிழ் (இலங்கை)' என்று இரண்டும் இருக்கும். முதலில் கண்ணில் பட்டதைத் தட்டி, நாட்டு அமைப்பும் இந்தியாவுக்கு மாறிவிட்டால், எக்செலில் நாணய வடிவம் கொடுத்தவுடன் ₹ வந்து உட்காரும். காற்புள்ளியும் இடம் மாறும்: கொழும்பு வங்கிகளில் 100,000 என்று எழுதுவது 1,00,000 ஆகிவிடும்.

இதைத் திருத்துவது சுலபம். கன்ட்ரோல் பேனலில் 'ரீஜன்' திறந்து, 'அடிஷனல் செட்டிங்ஸ்' அழுத்தி, 'கரன்சி' பக்கத்துக்குப் போங்கள். அங்கே நாணயக் குறிக்கான பெட்டியில் ₹ இருப்பதை அழித்துவிட்டு 'ரூ.' என்று நீங்களே அடிக்கலாம். அதற்குக் கீழேயே இலக்கங்களை மூன்று மூன்றாகப் பிரிக்கும் தெரிவும் இருக்கிறது. இரண்டையும் மாற்றிச் சேமித்த பிறகு எக்செலை ஒருமுறை மூடித் திறவுங்கள்.

மற்ற நாணயங்களை அடிப்பதற்கு வருவோம். டொலர் கீபோர்டிலேயே இருக்கிறது. மற்றவற்றுக்கு நம்லொக்கைப் போட்டு, ஆல்ட்டை அழுத்திப் பிடித்தபடி வலப்பக்க எண் பலகையில் 0163 அடித்தால் £, 0128 அடித்தால் €, 0165 அடித்தால் ¥. மேல் வரிசை இலக்கங்களில் அடித்தால் வேலை செய்யாது. எண் பலகை இல்லாத லேப்டொப்பில் விண்டோஸ் விசையோடு முற்றுப்புள்ளியை அழுத்துங்கள். இமோஜிப் பலகை திறக்கும், அதில் குறிகள் பக்கத்தில் நாணயங்கள் ஒன்றாக இருக்கும். மேக்கில் ஒப்ஷனோடு 3 அழுத்தினால் £, ஒப்ஷனும் ஷிஃப்டும் சேர்த்து 2 அழுத்தினால் €. போனில் டொலர் குறியை அழுத்திப் பிடித்தால் மற்றவை மேலே எழும்பும்.

இந்தியாவுக்கு உண்மையிலேயே பில் அனுப்புகிறவர்களுக்கு ₹ தேவைப்படும். வேர்டில் ஆல்ட்டோடு 8377. அதே எண்ணைப் பழைய நோட்பேடில் அடித்தால் ╣ என்று கோட்டுத் துண்டு ஒன்று வரும். அங்கே 256க்கு மேற்பட்ட எண்ணை 256ஆல் வகுத்து மீதியைத்தான் எடுக்கும். 8377இல் மீதி 185, அந்த இடத்தில் இருப்பது அந்தக் கோடு. உங்கள் கீபோர்டில் பழுது எதுவும் இல்லை. வேர்டில் அடித்துக் கொப்பி பண்ணிக்கொள்ளுங்கள்.

கொழும்பில் இதைவிடப் பெரிய தலையிடி பாமினி. இன்னும் எத்தனையோ கடைகளின் ஃபைல்கள் பாமினியில்தான் இருக்கின்றன. அது யுனிகோட் அல்ல. ஆங்கில எழுத்தும் குறியும் இருக்கும் இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்துச் செய்த எழுத்துரு. அதில் $ இருக்கும் இடத்தில் 'கூ' இருக்கிறது, & இருக்கும் இடத்தில் 'ரூ', காற்புள்ளி இருக்கும் இடத்தில் 'இ'. ஆகவே பாமினியில் இருந்தபடியே $1,500 என்று அடித்தால் தாளில் 'கூ1இ500' என்று வரும். மறுபக்கம், பாமினியில் ஒழுங்காக 'ரூ.' என்று அடித்ததை வட்ஸ்அப்பில் ஒட்டினால் பெறுகிறவருக்கு '&.' என்று தெரியும். யுனிகோட் மாற்றியில் போடும்போதும் அவதானம் வேண்டும். ஆங்கில எழுத்துருவில் இருந்த தொகைகளையும் சேர்த்துப் போட்டுவிட்டால் ஒவ்வொரு காற்புள்ளியும் 'இ' ஆகும். தொகைகளைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத் தமிழ்ப் பகுதியை மட்டும் மாற்றுங்கள். முடிந்தால் இனிமேல் புதிய பில் எதையும் பாமினியில் தொடங்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்பேன்.

தமிழுக்கென்றே ஒரு ரூபாய்க் குறி இருப்பது பலருக்குத் தெரியாது: ௹. பழைய தமிழ்க் கணக்கேடுகளில் புழங்கிய வடிவம் இது. 2003இல் யுனிகோட் 4.0இல், நாளைக் குறிக்கும் ௳, மாதத்துக்கான ௴, வருடத்துக்கான ௵, பற்றுக்கான ௶, வரவுக்கான ௷ ஆகியவற்றோடு சேர்ந்து வந்தது. வேர்டில் ஆல்ட்டோடு 3065 அடித்தால் கிடைக்கும், விண்டோஸோடு வருகிற நிர்மலா எழுத்துருவில் ஒழுங்காகத் தெரியும். எனக்கு மிகவும் பிடித்த குறி. கலியாண அழைப்பிதழ், கோவில் மலர், கடையின் பெயர்ப் பலகை போன்றவற்றில் தாராளமாகப் போடுங்கள், நாம் எழுதினால்தான் அது உயிரோடு இருக்கும். பில்லுக்கு மட்டும் 'ரூ.' போடுங்கள். காசு கொடுக்கிறவருக்குப் பார்த்தவுடன் விளங்க வேண்டும். தொகைக்குப் பின்னால் /= போடும் நம்மூர் வழக்கத்தையும் விடாதீர்கள், பின்னால் யாரும் ஓர் இலக்கம் சேர்க்க இடமிருக்காது. சதம் எழுதும்போது மட்டும் அது வேண்டாம்.

வாடிக்கையாளர்களுக்கு மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்புகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். ஆங்கிலச் செய்தி ஒன்றில் 160 எழுத்துகள் போகும். அதற்குள் ஒரேயொரு 'ரூ' அல்லது ₹ வந்தாலும் முழுச் செய்தியும் யுனிகோடுக்கு மாறி எல்லை 70 ஆகக் குறையும், ஒரு செய்திக்கான காசு இரண்டு மூன்று செய்திக்குரியதாகிவிடும். $, £, ¥ மூன்றுக்கும் அந்தப் பிரச்சினை இல்லை. € மட்டும் இரண்டு எழுத்துகளுக்குரிய இடத்தை எடுக்கும். தமிழில் அனுப்புவதென்றால் முழுவதையும் தமிழிலேயே எழுதி 70க்குள் சுருக்குங்கள். ஆங்கிலத்தில் அனுப்புவதென்றால் ரூபாயையும் ஆங்கில எழுத்திலேயே எழுதிவிடுங்கள்.