ஆசைக்கு ஆரம்பித்த நாவல்... இப்போது தூக்கம் போச்சு!

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 42. தண்டையார்பேட்டையில் வீடு. எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் 17 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். நவம்பரில் 30 நாளுக்குள் 50,000 வார்த்தையில் நாவல் எழுதும் சவாலைப் பற்றித் தோழி சொன்னாள். பரிசு, பணம் எதுவும் இல்லை, ஆசைக்குத்தான். காசிமேட்டில் மீன் விற்ற என் ஆயாவை மனதில் வைத்து ஆரம்பித்தேன். நனைந்த ரூபாய் நோட்டுகளை இட்லிப் பானை மூடிமேல் பரப்பிக் காயவைப்பாள் ஆயா. முதல் வாரம் அவ்வளவு சந்தோஷம்! கடைக்குப் போகிற வழியெல்லாம் என் கூடவே பேசிக்கொண்டு வந்தாள்.

இன்று 12-ம் நாள். 20,000 வார்த்தை வந்திருக்க வேண்டும், 9,400தான் இருக்கிறது. ராத்திரி எழுதியதைக் காலையில் படித்தால் வெட்கமாகி, பாதியை அழித்துவிடுகிறேன். படுத்தாலும் தூக்கம் வருவதில்லை. "இதுல என்ன வரப்போகுது?" என்கிறார் கணவர். டைப்ரைட்டிங் ஹையரையும் இப்படித்தான் பாதியில் விட்டேன். இதையும் விட்டுவிடட்டுமா?

- தண்டையார்பேட்டை வாசகி

அன்புத் தோழிக்கு,

'என் கூடவே பேசிக்கொண்டு வந்தாள்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் ஆரம்பித்தீர்கள். ஆயாவை விடாதீர்கள். அந்த 50,000-ஐத் தாராளமாக விடலாம்.

கணக்கு உங்களுக்கே தெரியும். தினம் 1,667 என்று தொடங்கியது, மிச்ச நாளுக்குப் பிரித்தால் இப்போது 2,250-ஐத் தாண்டுகிறது. கந்துவட்டி மாதிரி ஏறிக்கொண்டே போகும். வேலை முடித்து, சமைத்து வைத்துவிட்டு உட்காருகிறவரால் இதை எப்படி அடைக்க முடியும்? அதோடு, அந்த 50,000 ஆங்கிலத்துக்கு வைத்த அளவு. 1999-ல் சான்பிரான்சிஸ்கோ பக்கம் 21 பேர் விளையாட்டாகத் தொடங்கிய சவால் இது. 'வந்துகொண்டிருந்தவளிடமிருந்து' என்பது நமக்கு ஒரே வார்த்தை. ஆங்கிலத்தில் ஐந்தாறு ஆகிவிடும். உங்கள் 9,400 நீங்கள் நினைப்பதைவிடப் பெரியது.

அழிப்பதை மட்டும் இன்றே நிறுத்துங்கள். எழுதுவது ஒரு வேலை, திருத்துவது வேறு வேலை. பில் போடும்போதே வருடக் கணக்கை முடிப்பீர்களா? மாதம் முடியும்வரை பழைய பக்கத்தைத் திறக்க வேண்டாம். எழுதி எழும்போது, அடுத்து என்ன என்று ஒரு துண்டுச் சீட்டில் குறித்து வையுங்கள், போதும்.

ஒரே கடையில் 17 வருடம் கணக்கு பார்ப்பவர் பாதியில் விடுகிற ஆள் இல்லை. டைப்ரைட்டிங்கை எதனால் விட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் வீட்டுக்காக எதையோ விட்டிருப்போம் நாம்.

கணவர் கேட்பதில் உங்கள் தூக்கத்தைப் பற்றிய கவலையும் இருக்கலாம். ராத்திரி வேண்டாம், விடியற்காலை அரை மணி நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் அவருக்கு வாசித்தும் காட்டுங்கள். அபிப்பிராயம் கேட்க வேண்டாம், சும்மா காதில் விழட்டும். அப்புறமும் இரண்டு வாரத்துக்குத் தூக்கம் வராவிட்டால் நேரில் ஒரு மருத்துவரைப் பாருங்கள்.

சரி, இட்லிப் பானை மூடிமேல் நோட்டு காயவைக்கிறாளே, அந்தக் காட்சியை எழுதிவிட்டீர்களா? இல்லையென்றால் நாளைக் காலை அதிலிருந்து தொடங்குங்கள்.