கை மரத்துப்போனால் சர்க்கரைதான் காரணமா?

கேள்வி: எனக்கு வயது 54. ஒன்பது வருடங்களாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 7.4. இரண்டு மாதமாக வலது கையில் எறும்பு ஊர்வது போல இருக்கிறது. நடுராத்திரியில் தூக்கம் கலைந்துவிடுகிறது. எழுந்து கையை உதறினால் சரியாகிறது. காலில் எந்தத் தொந்தரவும் இல்லை. சர்க்கரை என் நரம்பைக் கெடுத்துவிட்டதா?

பதில்: கையை உதறினால் சரியாகிறது, காலில் தொந்தரவு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் முக்கியமான தகவல்கள்.

சர்க்கரையால் வரும் நரம்புப் பாதிப்பில் நீளமான நரம்புகள்தான் முதலில் அடிவாங்கும். அதனால் கால் விரல்களில் தொடங்கி மெல்ல மேலே ஏறும். கிட்டத்தட்ட முழங்கால் வரை வந்த பிறகே கை விரல் நுனிகளில் தெரியும். அதுவும் பெரும்பாலும் இரண்டு கைகளிலும். உங்களுக்கு ஒரு கை மட்டும் மரத்துப்போவதால் நான் முதலில் சந்தேகப்படுவது மணிக்கட்டைத்தான்.

அங்கே ஒரு குறுகலான பாதையில் ஒன்பது தசைநாண்களோடு ஒரு நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு போகிறது. அது நசுங்குவதற்குக் 'கார்ப்பல் டனல்' பிரச்சினை என்று பெயர். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. ஆக, சர்க்கரைக்குச் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல முடியாது. தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கும்போது நரம்பு இன்னும் அழுந்தும்.

இன்று இரவு விழிப்பு வந்ததும், உதறுவதற்கு முன், எந்தெந்த விரல் என்று தொட்டுப் பாருங்கள். "கை முழுக்க டாக்டர்" என்று சொல்பவர்களில் பலர், தொட்டுக் காட்டச் சொன்னால் சுண்டுவிரலை விட்டுவிடுவார்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி என்றால் மணிக்கட்டு. சுண்டுவிரலும் மோதிர விரலின் மறுபாதியும் என்றால் முழங்கையில் நரம்பு அழுந்தியிருக்கலாம். கழுத்தைத் திருப்பும்போது வலி கைக்குள் இறங்கினால் கழுத்து எலும்பைப் பார்க்க வேண்டும்.

அப்புறம், வைட்டமின் பி12. மெட்ஃபார்மினைப் பல வருடங்கள் சாப்பிட்டால் இந்தச் சத்து உடலில் சேருவது குறையலாம். ரத்தசோகை இல்லாமலேயே நரம்பு பாதிக்கப்படும் என்பதால் பி12 அளவைத் தனியாகப் பரிசோதியுங்கள், கூடவே தைராய்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். கடையில் கேட்டு 'நரம்பு மாத்திரை' வாங்கிப் போடுவதும் வேண்டாம். அவற்றில் பலவற்றில் பி6 இருக்கிறது. அது நீண்ட நாள் அளவுக்கு மீறினால் அதுவே கை, கால்களை மரக்கவைக்கும்.

மணிக்கட்டுதான் காரணம் என்றால், அதை நேராக வைக்கும் பட்டையை இரவில் சில வாரம் கட்டிக்கொண்டாலே பலருக்குக் குறைகிறது. குறையாவிட்டால், நரம்பில் மின்துடிப்பு எப்படிப் போகிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனை, தேவைப்பட்டால் ஊசி. அது ஸ்டீராய்டு, சில நாட்களுக்குச் சர்க்கரை ஏறும் என்பதை நினைவில் வையுங்கள். கையிலிருந்து பொருள் நழுவுகிறது, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, கட்டைவிரலின் அடிச்சதை வற்றுகிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள். அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

திடீரென ஒரு பக்கம் முழுவதும் மரத்து, வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

கால் நன்றாக இருக்கிறது என்கிறீர்கள், சரி. ஆனாலும் வருடத்துக்கு ஒருமுறை பாதத்தை டாக்டரிடம் காட்டுங்கள். உணர்ச்சி குறைவது பலருக்குத் தெரிவதே இல்லை.