முழங்காலுக்குப் பின்னால் துடிக்கும் வீக்கம்: ஒப்பரேஷன் தேருக்கு முன்னமா, பின்னமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு 69 வயது, பென்சன்காரர், நாற்பது வருடச் சிகரெட். வேறு எதற்கோ கால் ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில், இடது முழங்காலுக்குப் பின்னால் நாடி 2.6 செ.மீ. அளவுக்கு வீங்கியிருக்கிறது, உள்ளே இரத்தக்கட்டியும் படிந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சேர்ஜன் ஒப்பரேஷன் செய்யச் சொல்லிவிட்டார். "ஆனால் அப்பாவுக்கு ஒரு நோவும் இல்லை டொக்டர், தினமும் கடற்கரையில் நடக்கிறார். நல்லூர்த் தேருக்கு இன்னும் பத்துக் கிழமை இருக்கிறது, போய் வந்து பார்ப்போம் என்கிறார். மாமா எண்ணெய் போட்டு உருவினால் கரையும் என்கிறார். கனடாவிலிருக்கும் தம்பி, வெட்டாமல் ஸ்டென்ட் வைக்கலாமே என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?"

முதலில் மாமாவின் எண்ணெயை முடித்துவிடுவோம். வேண்டவே வேண்டாம். அது நரம்புப் பிடிப்போ சதை வீக்கமோ இல்லை, இரத்தம் ஓடுகிற குழாய். உள்ளே இருக்கிற கட்டியை அழுத்தி உருவினால் ஒரு துண்டு கழன்று கீழே போகலாம். இந்த நோயில் நாங்கள் பயப்படுவதே அந்தத் துண்டுக்குத்தான்.

வீங்கிய நாடி என்றதும் எல்லோரும் வெடிப்பதைத்தான் நினைக்கிறார்கள். வயிற்றில் இருப்பது வெடிக்கும், உண்மை. முழங்காலுக்குப் பின்னால் இருப்பது அபூர்வமாகத்தான் வெடிக்கும், அதன் வேலை வேறு. அந்த இடத்து நாடி சாதாரணமாக ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைவான அகலம், உங்கள் அப்பாவுக்கு அது இரண்டு மூன்று மடங்கு விரிந்துவிட்டது. விரிந்த இடத்தில் இரத்தம் வேகம் குறைந்து சுழலும், சுழலும் இடத்தில் சுவரோரமாக உறையும், ஆற்று வளைவில் வண்டல் படிகிற மாதிரி. அதிலிருந்து சின்னச் சின்னத் துணுக்குகள் கழன்று கீழே போய், முழங்காலுக்குக் கீழே பிரிகிற மூன்று நாடிகளில் ஒன்றை அடைக்கும், பிறகு இன்னொன்றை அடைக்கும். ஆளுக்கு ஒன்றும் தெரியாது, மிச்சம் இருப்பது சமாளித்துக்கொள்ளும், அவரும் கடற்கரையில் நடந்துகொண்டிருப்பார். ஒருநாள் அந்தப் பையே முழுதாக உறைந்து அடைபடும்போது, கீழே இரத்தம் போக வழியே மிச்சமிருக்காது. கால் வெளிறிக் குளிர்ந்து விறைத்துப் போகும். அந்த நேரத்தில் ஏறக்குறைய 6 மணித்தியாலம்தான் கையில் இருக்கிறது. அப்போது செய்கிற ஒப்பரேஷனும் இப்போது செய்கிற ஒப்பரேஷனும் பெயரில்தான் ஒன்று, அந்த அவசரத்தில் காலையே இழப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே நோவில்லாத இந்த நேரம்தான் செய்ய நல்ல நேரம். பொதுவாக 2 செ.மீ. தாண்டினால், உடம்பு தாங்குமென்றால், செய்துவிடச் சொல்வோம். உங்கள் அப்பாவுக்கு அளவும் தாண்டிவிட்டது, உள்ளே கட்டியும் இருக்கிறது. நான் தள்ளிப்போட மாட்டேன்.

சரி, என்ன செய்வார்கள்? இந்த இடத்து வீக்கத்துக்கு 1785இல் லண்டனில் ஜோன் ஹன்டர் ஒரு வண்டிக்காரருக்குத் தொடையிலேயே நாடியைக் கட்டிவிட்டார், பக்கக் கிளைகள் இரத்தத்தைக் கொண்டுபோகும் என்ற நம்பிக்கையில். அந்த ஆளின் கால் தப்பியது. இன்று கட்டுவதோடு நிற்பதில்லை, புதுப் பாதையும் போட்டுக் கொடுக்கிறோம். அதற்கு மிக நல்ல பொருள் அவருடைய சொந்த நாளம்தான், அதாவது இரத்தத்தை இருதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகிற குழாய்: கணுக்காலின் உட்புறமிருந்து தொடை வரை தோலுக்கடியில் ஓடுகிற நீள நாளம். அதற்குள் இரத்தம் மேல்நோக்கி மட்டும் போக விடுகிற வால்வுகள் இருப்பதால், எடுத்த துண்டைத் தலைகீழாகத் திருப்பித் தைப்போம். தைத்து முடித்துக் கிளாம்பைக் கழற்றும் நிமிடத்தில் தியேட்டரில் எல்லோருடைய கண்ணும் காயத்தில் இருக்காது, பாதத்தில் இருக்கும், வெளிறிக் கிடந்த பெருவிரல் சிவந்து வருகிறதா என்று. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அது அலுக்கவில்லை.

வெட்டுவது இரண்டு விதம். உட்பக்கமாக, முழங்காலுக்கு மேலும் கீழும் திறந்து, வீக்கத்தின் இரண்டு முனையையும் கட்டி, நாளத்தால் சுற்றுப்பாதை போடுவது ஒன்று. ஆளைக் குப்புறப் படுக்கவைத்துப் பின்பக்கமாகத் திறந்து, வீக்கத்தையே பிளந்து உள்ளிருக்கும் கட்டியை எடுத்துவிட்டு நடுவில் நாளத் துண்டு போடுவது மற்றது. வீக்கம் முழங்கால் மடிப்புக்குள்ளேயே நிற்கிறது என்றால் எனக்குப் பின்பக்க வழிதான் பிடிக்கும், ஏனென்றால் கட்டிவிட்ட பைக்குள் சிறு கிளைகள் வழியாக இரத்தம் வந்து அது பிறகும் பெருப்பதுண்டு. தொடைப்பக்கம் நீண்டிருந்தால் உட்பக்கம்தான்.

தம்பி சொல்கிற ஸ்டென்டும் பொய்யில்லை. துணி போர்த்திய ஸ்டென்டைத் தொடை வழியாக உள்ளே விட்டு வீக்கத்தை உள்ளிருந்தே மூடலாம், இரண்டு நாளில் வீட்டுக்கும் போகலாம். ஆனால் முழங்கால் மடங்கி நிமிர்கிற இடம், அங்கே அது மடியலாம், முறியலாம், அடைபடலாம். அதோடு மேலும் கீழும் அது பிடித்து உட்கார நல்ல நாடி வேண்டும், கீழே ஓட்டமும் நன்றாக இருக்க வேண்டும். இருதயம் பலவீனமானவருக்கு, அல்லது எடுக்க நல்ல நாளம் இல்லாதவருக்கு நான் அதை யோசிப்பேன். தினமும் நடக்கிற, சப்பாணி கட்டி உட்காருகிற ஒருவருக்கு நாளம்தான் என் முதல் தெரிவு.

அடுத்த கிளினிக்கில் மறக்காமல் கேளுங்கள்: மற்றக் காலும் வயிறும் ஸ்கேன் பார்த்தாயிற்றா? இந்த வீக்கம் ஏறத்தாழ இருவரில் ஒருவருக்கு இரண்டு காலிலும் இருக்கும், பத்துப் பேரில் மூன்று நாலு பேருக்கு வயிற்றுப் பெருநாடியிலும் இருக்கும். அங்கே பெரிதாக இருந்தால் எதை முதலில் செய்வது என்பதே மாறலாம். முழங்காலுக்குக் கீழே எத்தனை நாடி ஓடுகிறது, எடுக்கப் போகும் நாளம் 3 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். அப்புறம் சிகரெட். குறைக்கிறேன் என்பதெல்லாம் கணக்கில் வராது. புது நாளத்தை அடைக்கப் போவது அதுதான்.

ஒப்பரேஷனுக்குப் பிறகு ஏறக்குறைய ஒரு கிழமை வார்டில் இருக்க வேண்டி வரலாம். கால் சில கிழமைகள் வீங்கும், வெட்டின இடத்தைச் சுற்றித் தோல் மரத்திருக்கும், இரண்டுக்கும் பதற வேண்டாம். அஸ்பிரினையும் கொழுப்பு மாத்திரையையும் நிறுத்தக் கூடாது. முதல் வருடம் மூன்றாம், ஆறாம், பன்னிரண்டாம் மாதங்களில் ஸ்கேன், பிறகு வருடத்துக்கு ஒன்று. இப்போதானாலும் பிறகானாலும், கால் திடீரென்று குளிர்ந்து வெளிறி நோவெடுத்தால் விடியட்டும் என்று இருக்காமல் 1990 அம்புலன்சுக்கு அழைத்து, அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

இனி நல்லூர். இந்த மாதத்துக்குள் செய்துவிட்டால், காயம் ஒழுங்காக ஆறி, உங்கள் சேர்ஜனும் சரி என்றால் அப்பா தேர் பார்க்கலாம். இரவு பஸ்ஸில் காலை மடக்கிக்கொண்டு எட்டு மணித்தியாலம் இருக்க விடாதீர்கள், ரயிலில் போகட்டும், இடையிடையே எழுந்து நடக்கட்டும். சுடுமணலில் வெறுங்காலோடு நிற்பதென்றால் காலை வேளையோடு திரும்பட்டும், தோல் மரத்திருந்தால் சூடு தெரியாது. அங்கப்பிரதட்டை மட்டும் இந்த வருடம் வேண்டாம்.