'அட்வான்ஸ்டு ஸ்குவாட் லீடர்' ஸ்டார்ட்டர் கிட் 1: பெட்டியில் உள்ள பொருட்களும் விதிகளும் முதல் பார்வையில் எப்படி இருக்கின்றன?

சதுரங்கமும் வேறு சில போர்டு கேம்களும் ஆடிப் பழகியவர் என்றும், போர் விளையாட்டு எதையும் இதுவரை தொட்டதில்லை என்றும் குறிப்பிட்டு, இந்தப் பெட்டி புதியவருக்கு ஒத்துவருமா, எதிராளி கிடைக்காவிட்டால் தனியாக ஆட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொருட்கள் எளிமையானவை, கண்ணைப் பறிப்பவை அல்ல. விதிகள் பக்கக் கணக்கில் குறைவு, படிப்பதற்குக் கடினம். ஆனால் அந்த விதிகளில் கணிசமான பகுதி காய்களின் மீதும் வரைபடத்தின் மீதுமே அச்சாகியிருக்கிறது என்பது புரிந்ததும், பொருட்கள், விதிகள் இரண்டைப் பற்றியும் என் மதிப்பு உயர்ந்துவிட்டது.

பின்னணி சுருக்கமாக. ஜான் ஹில் வடிவமைத்த 'ஸ்குவாட் லீடர்' 1977-இல் அவலான் ஹில் நிறுவனத்தின் வழியாக வெளிவந்தது. இரண்டாம் உலகப் போரின் காலாட்படைச் சண்டையைச் சிறு அணிகளின் அளவில் காட்டிய அந்த விளையாட்டை அடியோடு திருத்தி எழுதியதுதான் 1985-இல் வந்த 'அட்வான்ஸ்டு ஸ்குவாட் லீடர்'. அதன் விதிகள் வளையக் கோப்பில் அடுக்கப்பட்ட நூற்றுக்கணக்கான பக்கங்கள். புதியவர்களை அந்தக் கோப்பின் கனமே விரட்டிவிடும். பின்னாளில் உரிமத்தைப் பெற்ற மல்ட்டி-மேன் பப்ளிஷிங் 2004-இல் இந்த ஸ்டார்ட்டர் கிட்டை வெளியிட்டது. இதில் விதிப்புத்தகம் 12 பக்கம். காலாட்படை மட்டும்தான்; பீரங்கிகள் இரண்டாவது கிட்டிலும் டாங்கிகள் மூன்றாவது கிட்டிலும் வருகின்றன.

முதலில் வரைபடங்களைச் சொல்ல வேண்டும். மடித்துவைத்த தடித்த தாளில் அச்சான இரண்டு வரைபடங்கள், ஒவ்வொன்றும் 8 அங்குல அகலம், 22 அங்குல நீளம். அட்டைப் பலகையில் ஒட்டப்படாதவை என்பதால் மடிப்பு மேடுகள் எழும்பி நிற்கும். மேலே கண்ணாடி போன்ற ஒளிபுகும் பலகை ஒன்றை வைத்துக்கொண்டால் காய்கள் நகராமல் இருக்கும். மேலிருந்து பார்த்த ஒரு கிராமம், தோப்பு, வயல், சாலைகள். அதன் மீது அறுகோணக் கட்டங்கள். ஒரு கட்டம் 40 மீட்டர், ஒரு சுற்று ஏறத்தாழ 2 நிமிடச் சண்டை. பழுப்பு நிறக் கட்டடம் மரத்தாலானது, சாம்பல் நிறக் கட்டடம் கல்லாலானது. மரக் கட்டடத்தில் ஒளிந்திருப்பவரைச் சுடும்போது பகடைத் தொகையுடன் 2 கூடும், கல் கட்டடம் என்றால் 3 கூடும், வெறும் தோப்பு என்றால் 1. இந்த விளையாட்டில் பகடைத் தொகை குறைவாக விழுவதே சுடுபவருக்கு நல்லது. ஆகவே கல் சுவர் என்பது ஒதுக்கிவிடக்கூடிய அலங்காரம் அல்ல.

இந்த வரைபடத்தில் என்னை மிகவும் கவர்ந்தது பார்வைக்கோடு பற்றிய விதி. ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒரு சிறு புள்ளி இருக்கிறது. சுடுபவரின் புள்ளியிலிருந்து இலக்கின் புள்ளிவரை ஒரு நூலை இழுத்துப் பிடிக்க வேண்டும்; அந்த நூல் வழியில் வரையப்பட்டிருக்கும் கட்டடத்தின் ஓவியத்தைக் கடந்தால் பார்வை மறைந்துவிடும், ஓவியத்தைத் தொடாமல் அந்தக் கட்டத்தின் வெற்றிடத்தில் சென்றால் மறையாது. பல விளையாட்டுகளில் கட்டம் முழுவதும் 'கட்டடம்' என்று கணக்காகும். இங்கே ஓவியர் கூரையின் மூலையை எங்கே முடித்தாரோ அதுவே விதி. இரண்டு பேர் தலையைக் குனிந்து, நூல் அந்த மூலையை உரசுகிறதா இல்லையா என்று பார்க்கும் அந்தச் சில நொடிகளில் சிலருக்குச் சலிப்பு தட்டலாம். எனக்கு அதுவே விளையாட்டின் சுவையான பகுதிகளில் ஒன்று. விதிப்படி, சுடுவதாக அறிவிப்பதற்கு முன் நூலை இழுத்துப் பார்க்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். அதனால் கண்ணளவில் தூரமும் கோணமும் கணிக்கும் பழக்கம் தானாகவே வந்துவிடுகிறது.

இனி காய்கள். அரை அங்குலச் சதுர அட்டைகள். அச்சு தெளிவு, நிறங்கள் ஒன்றோடொன்று குழம்புவதில்லை. ஜெர்மானிய அணியின் காய் ஒன்றை எடுத்துப் பாருங்கள். வீரர்களின் சிறு ஓவியம், அடியில் 4-6-7 என்று மூன்று எண்கள். முதலாவது சுடுதிறன், இரண்டாவது கட்டங்களில் எட்டும் தூரம், மூன்றாவது மன உறுதி. அமெரிக்கப் பாராசூட் அணியின் காயில் 7-4-7 என்று இருக்கும். அடுத்தடுத்த கட்டத்தில் நின்றால் சுடுதிறன் இரட்டிப்பாகும். எட்டும் தூரத்தைத் தாண்டினால், அதன் இருமடங்குவரை, பாதியாகும். இப்போது கணக்கிடலாம். ஆறு கட்டத் தொலைவில் ஜெர்மானிய அணி முழு 4-உடன் சுடும். பாராசூட் அணியின் 7 பாதியாகி 3.5 ஆகும்; சுடுதிறனுக்கு ஏற்ப விளைவைக் காட்டும் சுடும் அட்டவணையில் 2-க்கு அடுத்த வரிசை 4 என்பதால், அதற்குரிய வரிசை 2 மட்டுமே. அதே இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் நின்றால் ஜெர்மானியருக்கு 8, பாராசூட் வீரர்களுக்கு 14. ஆகவே ஒருவர் தூரத்தைக் காக்க வேண்டும், மற்றவர் எப்படியாவது நெருங்க வேண்டும். இந்தத் தந்திரத்தை விதிப்புத்தகம் எங்கும் எழுதிவைக்கவில்லை. காயில் இருக்கும் இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன.

மூன்றாவது எண்ணையும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். சுடப்பட்ட அணிக்கு மன உறுதிச் சோதனை வந்தால் இரண்டு பகடைகளின் தொகை மன உறுதி எண்ணுக்குள் அடங்க வேண்டும். எண் 6 என்றால் 36-இல் 15 வாய்ப்பு, 7 என்றால் 21, 8 என்றால் 26. ஒரே ஒரு புள்ளி வேறுபாடு காகிதத்தில் அற்பமாகத் தெரியும். களத்தில் அது அணி நிற்பதற்கும் ஓடுவதற்கும் உள்ள வேறுபாடு. சோதனையில் தோற்ற அணியின் காயைத் திருப்பி வைக்கிறோம். பின்புறத்தில், நிலைகுலைந்த அந்த அணி மீண்டெழுவதற்கான எண் தனியாக அச்சிடப்பட்டிருக்கும். சாதாரண அமெரிக்க அணியான 6-6-6-க்கு முன்புறத்தில் மன உறுதி 6, பின்புறத்தில் 8. எளிதில் கலைவார்கள், விரைவில் தேறுவார்கள். ஒரு படையின் குணத்தை ஒரு பத்தி விளக்கமும் இல்லாமல், அட்டையின் இரு பக்கங்களில் இரண்டு எண்களாகச் சொல்லிவிடும் இந்தச் சிக்கனம்தான் முதல் பார்வையிலேயே என்னை மடக்கியது.

குறைகள் இல்லாமல் இல்லை. ஒரு கட்டத்தில் மூன்று அணிகள்வரை இருக்கலாம். அவர்களோடு தலைவர், இயந்திரத் துப்பாக்கி, 'சுட்டாகிவிட்டது' என்பதற்கான அடையாளக் காய் எல்லாம் சேர்ந்தால் அரை அங்குல அகலத்தில் ஒரு கோபுரம் எழும்பிவிடும். அடியில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கப்போனால் பக்கத்துக் கோபுரமும் சரியும். இடுக்கி ஒன்று இல்லாமல் இதை ஆட நான் பரிந்துரைக்க மாட்டேன். தாளிலிருந்து காய்களைப் பிரித்த பிறகு மூலைகளில் காகிதப் பிசிறு தொங்கும். நகவெட்டியால் மூலைகளை நறுக்குபவர்களும் உண்டு, அது அவரவர் பொறுமை.

பகடைகள் இரண்டு, வெவ்வேறு நிறத்தில். ஏன் வெவ்வேறு நிறம் என்பது முதலில் விளங்காது. உதாரணமாக, ஜெர்மானியரின் நடுத்தர இயந்திரத் துப்பாக்கி சுடுகிறது. அதன் காயில் சிறு சதுரத்துக்குள் 2 என்ற எண் இருக்கிறது. நிறப் பகடையில் 2, வெள்ளைப் பகடையில் 5 விழுகின்றன. தொகை 7 என்பது அட்டவணையில் இலக்குக்கு என்ன ஆயிற்று என்று சொல்கிறது. நிறப் பகடை 2 அல்லது அதற்குக் குறைவு என்பதால் அந்தத் துப்பாக்கி மறுபடியும் சுடலாம். தொகை 12 ஆகியிருந்தால் துப்பாக்கி பழுதாகியிருக்கும். இரண்டிலும் ஒரே எண் விழுந்து, சுடும்போது வழிநடத்தத் தலைவர் யாரும் இல்லாதிருந்தால், அணி பதற்றத்தில் சுட்டதாகக் கருதி அட்டவணையில் ஒரு வரிசை கீழே இறக்கப்படும். ஒரே வீச்சில் நான்கு கேள்விகளுக்கு விடை. மேலோட்டமாகப் படிக்கையில் தனித்தனி விதிகளாகக் குவிந்து பயமுறுத்தியவை, பகடையை உருட்டிப் பார்த்ததும் ஒன்றாகக் கோத்துக்கொள்கின்றன.

விதிப்புத்தகத்தின் எழுத்தைப் பற்றி நான் அவ்வளவு தாராளமாகப் பேச மாட்டேன். பன்னிரண்டு பக்கம் என்பது உண்மை. ஆனால் நெருக்கிய சிறு எழுத்தில், ஒவ்வொரு வாக்கியமும் ஒரு சட்டப் பிரிவைப் போல நிபந்தனைகளையும் விலக்குகளையும் சுமந்துகொண்டு நிற்கிறது. போதாக்குறைக்குச் சுருக்கெழுத்துகள்: எம்.சி. என்றால் மன உறுதிச் சோதனை, எம்.எஃப். என்றால் நகர்வுப் புள்ளி, டி.ஆர்.எம். என்றால் பகடைத் தொகையோடு கூட்டிக் கழிக்க வேண்டிய எண். ஒரு பத்தியில் இவை மூன்று நான்கு சேர்ந்து வரும்போது கண் நின்றுவிடும். ஒரு முழுச் சுற்றையும் அடி அடியாக ஆடிக்காட்டும் நீண்ட எடுத்துக்காட்டு ஒன்று இருந்திருந்தால் இந்தச் சிரமத்தில் பாதி குறைந்திருக்கும். எழுத்தாளர் துல்லியத்தைத் தேர்ந்தெடுத்து எளிமையை விட்டுக்கொடுத்திருக்கிறார். ஐயம் எழும் இடத்தில் தேடினால் விடை கிடைக்கிறது என்பது அந்தத் தேர்வின் பலன். தொடக்கத்திலிருந்து முடிவுவரை நாவல்போலப் படித்துப் புரிந்துகொள்ள முயல்வதைவிட, காய்களைப் பரப்பிவைத்து, உடன் வரும் அட்டவணைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, சுற்றின் படிகளை ஒவ்வொன்றாக ஆடியபடியே படிப்பது நல்லது.

அந்தச் சுற்றில் ஒவ்வொருவரின் முறையும் எட்டுப் படிகளாகப் பிரிகிறது: மீண்டெழல், முன்கூட்டிச் சுடுதல், நகர்தல், தற்காப்புச் சூடு, நகர்ந்தபின் சுடுதல், நிலைகுலைந்தோர் ஓடுதல், முன்னேறுதல், கைகலப்பு. எட்டு என்றதும் அரசு அலுவலகப் படிவம்போலத் தோன்றும். ஆனால் இதன் வரிசையில்தான் விளையாட்டின் உயிர் இருக்கிறது. முன்கூட்டிச் சுட்டவர் அந்தச் சுற்றில் நகர முடியாது. நகர்ந்து நின்று சுடுபவருக்குச் சுடுதிறன் பாதி. நகர்பவர் ஒவ்வொரு கட்டமாகக் காயை நகர்த்தும்போது எதிராளி எந்தக் கட்டத்திலும் 'நில்' என்று சொல்லிச் சுடலாம். திறந்த வெளியில் ஓடினால் பகடைத் தொகையிலிருந்து 1 கழியும், எச்சரிக்கையின்றி ஓடுவதற்கு மேலும் 1. மேலே சொன்ன ஜெர்மானிய அணி, சுடுதிறன் 4, தொகை 7 என்று உருட்டினால், திறந்த வெளியில் ஓடும் இலக்குக்கு அது 5 ஆகி மன உறுதிச் சோதனையைக் கொண்டுவரும். கல் கட்டடத்துக்குள் இருப்பவருக்கு அது 10 ஆகி ஒன்றும் செய்யாது. சுடுபவருக்கும் நெருக்கடி உண்டு: இப்போதே சுட்டால் பின்னால் வரும் அணியைத் தடுக்க முழுத் திறன் இருக்காது; பொறுத்தால் முதல் அணி பக்கத்தில் வந்துவிடும். எதிராளியின் முறையில் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரமே கிடையாது என்பது, முறை வைத்து ஆடும் சதுரங்கத்திலிருந்து வரும் உங்களுக்கு முதலில் உறைக்கும்.

பெட்டியில் ஆறு சினாரியோக்கள், அதாவது ஆடுவதற்கான தனித்தனிச் சண்டைகள், இருக்கின்றன. நார்மண்டி, ஸ்டாலின்கிராட் போன்ற களங்களிலிருந்து எடுத்தவை. ஒவ்வொன்றும் ஒரே அட்டையில் படைகள், சுற்றுகளின் எண்ணிக்கை, வெற்றி நிபந்தனை எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறது. நார்மண்டிக் கிராமமான வியேர்வில் பற்றிய முதல் சினாரியோவிலிருந்தே தொடங்கலாம். பிளாஸ்டிக் வீரர்களும் ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஆட்டமும்தான் வேண்டும் என்றால், அதே 2004-இல் வந்த 'மெமோயர் 44' உங்களுக்குப் பொருத்தம். அதன் விதிகளை ஒரே அமர்வில் பிறருக்குக் கற்றுக்கொடுக்க முடியும். அந்த எளிமையை இந்தப் பெட்டியில் எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

தனியாக ஆடுவதைப் பற்றி: முழு 'அட்வான்ஸ்டு ஸ்குவாட் லீடர்' விளையாட்டில் எதிரியின் காய்களை மறைத்துவைக்கும் விதிகள் உண்டு. இந்தக் கிட்டில் அவை நீக்கப்பட்டிருக்கின்றன. மறைசுடுநர் (ஸ்னைப்பர்) விதியும் இல்லை. காய்கள் எல்லாம் வெளிப்படையாக இருப்பதாலும் கையில் மறைத்துப் பிடிக்கும் சீட்டுகள் இல்லாததாலும், இரு தரப்பையும் ஒருவரே ஆடுவதில் விதிகள் எங்கும் முறிவதில்லை. கற்றுக்கொள்ளும் காலத்தில் அதுவே வசதியும்கூட. தற்காப்புச் சூட்டின் நெருக்கடி மட்டும் தணிந்துவிடும். தெருவைக் கடக்கும் முதல் அணி உண்மையான தாக்குதலா, நம் குண்டை வாங்கிக்கொள்வதற்காக அனுப்பப்பட்ட தூண்டிலா என்பது, அனுப்பியவரும் நாமே என்னும்போது நமக்கு முன்பே தெரிந்திருக்கும்.