கதிர்வீச்சு முடிந்த பிறகும் ஏன் இந்தத் தூக்கமும் மறதியும்?

கேள்வி: என் கணவருக்கு மூளைக் கட்டி. அறுவை சிகிச்சை முடிந்து 30 முறை கதிர்வீச்சு கொடுத்தார்கள். அது முடிந்து ஆறு வாரம் ஆகிறது. பகலெல்லாம் தூங்குகிறார். சொன்னது மறந்துபோகிறது, தொட்டதற்கெல்லாம் கோபம். நாற்காலியிலிருந்து எழவே திணறுகிறார். மூளை வீக்கத்துக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் வலிப்புக்கு லெவெடிராசெட்டமும் சாப்பிடுகிறார். கட்டி திரும்பிவிட்டதா?

பதில்: நீங்கள் சொல்லும் தொல்லைகளுக்கெல்லாம் காரணம் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை. கட்டி என்று முடிவுகட்டுமுன் மாத்திரைச் சீட்டைப் பாருங்கள்.

நாற்காலியிலிருந்து எழ முடியாததற்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது டெக்ஸாமெத்தசோனை. வாரக்கணக்கில் சாப்பிட்டால் தொடை, இடுப்புத் தசைகள் கரையலாம். இரண்டு தொடையும் ஒரேபோல் தளர்ந்திருந்தால் மாத்திரையின் வேலையாக இருக்கலாம். ஒரு பக்கக் கையோ காலோ மட்டும் தளர்ந்தால் கதையே வேறு, அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். நீங்களாகச் சட்டென்று நிறுத்தவே கூடாது: உடல் தனக்கு வேண்டிய கார்ட்டிசோல் என்ற ஹார்மோனைத் தானாகச் சுரப்பதை மறந்திருக்கும், மூளை வீக்கமும் திரும்பலாம். இரவில் சாப்பிட்டால் தூக்கம் கெட்டுப் பகலில் அசதி வரும். காலையிலும் மதியத்திலுமாக முடித்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். சர்க்கரையையும் பாருங்கள். உறுதியான நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி, பக்கத்தில் ஆள் நிற்க, ஐந்து ஐந்து முறையாக நாளுக்கு இரண்டு வேளை.

கோபத்துக்கு லெவெடிராசெட்டம் காரணமாக இருக்கலாம். டெக்ஸாமெத்தசோனும் சேர்ந்து தூண்டும். வேறு வலிப்பு மாத்திரைக்கு மாற்ற வழியுண்டு. அதையும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தினால் வலிப்பு வரலாம்.

இந்த அளவு தூக்கம், கதிர்வீச்சு முடிந்த முதல் சில மாதங்களில் பலருக்கும் வருவதுதான். பெரும்பாலும் தானாகவே தணியும். படுத்தே கிடந்தால் சோர்வு கூடும். பகல் தூக்கம் அரை மணி நேரம் போதும். காலையும் மாலையும் பத்து நிமிட நடையில் தொடங்குங்கள். ஹீமோகுளோபின், சோடியம், தைராய்டு மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

மறதியில் பழைய நினைவுகள் தங்கும், புதிதாகக் கேட்டது நிற்காது. டிவியை அணைத்துவிட்டு ஒரு நேரத்தில் ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்கள். மாத்திரைக்கு வேளைவாரியாகப் பிரித்த டப்பா, கண்ணில் படும் இடத்தில் ஒரு நோட்டு.

அடுத்த எம்.ஆர்.ஐ.யில் கட்டி பெரிதாகத் தெரிந்தாலும் உடனே இடிந்துபோக வேண்டாம். முதல் மூன்று மாதங்களில், குறிப்பாக டெமோசோலமைடு என்ற புற்றுநோய் மாத்திரையும் சேர்ந்திருந்தால், சிகிச்சையின் விளைவே கட்டி வளர்ந்ததுபோல் படத்தில் தெரியலாம். சில வாரம் கழித்து எடுக்கும் அடுத்த படத்தில்தான் பெரும்பாலும் தெளிவாகும்.

மாதங்கள், ஏன், வருடங்கள் கழித்தும் சோர்வு தொடர்ந்தால் மூளையின் அடியில் இருந்து தைராய்டை இயக்கும் பிட்யூட்டரி சுரப்பியை நினைவில் வையுங்கள். கதிர்வீச்சு அதன்மேல் பட்டிருந்தால் டி.எஸ்.எச். (பிட்யூட்டரி தைராய்டுக்கு அனுப்பும் ஹார்மோன்) மட்டும் பார்த்தால் போதாது. அது சரியாகவே காட்டும்போது தைராய்டு சுரக்கும் டி4 ஹார்மோன் குறைந்திருக்கலாம். இரண்டையும் கேட்டு எடுங்கள்.

காத்திருக்கவே கூடாதவை: வாந்தியோடு வரும் தலைவலி, புதிதாகப் பேச்சுக் குழறல், எழுப்பியும் விழிக்காத மயக்கம், ஐந்து நிமிடத்துக்கு மேல் வலிப்பு, டெமோசோலமைடு சாப்பிடும்போது 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல்.

மருத்துவரிடம் அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். தன்னிடம் வந்த மாற்றம் அவருக்கே தெரியாமல் “நல்லாத்தான் இருக்கேன்” என்று சொல்லிவிட்டு வந்துவிடக்கூடும். தினமும் எத்தனை மணி நேரம் தூங்கினார், எந்த மாத்திரை எத்தனை மில்லிகிராம், எப்போது கோபப்பட்டார் என்று தேதி போட்டுக் குறித்து எடுத்துச் செல்லுங்கள். மருந்தை மாற்றுவதா, படம் எடுப்பதா என்று முடிவெடுக்க மருத்துவருக்கு அந்தக் குறிப்பு உதவும்.